மழைக்கும் மார்கழிக்கும் எது தாங்கும்? நடையிலும் தட்டிலும் ஓர் ஒப்பீடு

கோவைப் பக்கம் ஐப்பசி மழையில் விட்டுப்போகும் நடைப்பயிற்சி, பலருக்குத் தைப்பொங்கல் கழிந்த பிறகுதான் மறுபடி தொடங்குகிறது. இடையில் கிட்டத்தட்ட மூன்று மாதம். தீபாவளிப் பலகாரம், கார்த்திகைப் பொரி உருண்டை, மார்கழிக் கோயில் பொங்கல் என்று அந்த மூன்று மாதமும் வாய்க்கு வேலை. காலுக்கு மட்டும் ஓய்வு. சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதனால் மழையிலும் பனியிலும் அறுந்துபோகாமல் ஓடக்கூடியது எது என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் இங்கே எல்லாவற்றையும் எடைபோட்டிருக்கிறேன்.

நடை: விடியலா, மாலையா, வீட்டுக்குள்ளேயா?

நம் ஊரில் நடை என்றாலே விடிகாலைதான். ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் மார்கழியிலும் ஐந்து மணிக்கெல்லாம் மஃப்ளரும் குல்லாவுமாக ஆட்கள் வந்துவிடுவார்கள். வண்டித் தொல்லை இல்லை, பேச்சுத் துணை உண்டு, அலுவலக வேலை குறுக்கே வராது. பழக்கமாகப் படிவதில் விடியலுக்கு ஈடு இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் இந்த மாதங்களில் அதே நேரம் சிலருக்கு ஆகாது. குளிர் பட்டதும் தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது. தூங்கி எழுந்த முதல் சில மணி நேரத்தில் இரத்த அழுத்தம் இயல்பாகவே உயரும்; மாரடைப்பு அதிகம் வருவதும் காலை நேரத்தில்தான். இரண்டும் சேரும் வேளையில், போர்வையை உதறிவிட்டு நேராகத் தெருவில் இறங்கி வேகநடை போடுவது ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் நல்லதல்ல.

இன்னொன்று காற்று. மார்கழி இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய குளிர்காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்க, குப்பையும் சருகும் எரிக்கிற புகை மேலே போக வழியின்றி மூக்கு மட்டத்திலேயே தங்கிவிடும். 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் கலந்து விமானங்களே இறங்க முடியாமல் போனது இப்படித்தான். பார்க்க அழகாக இருக்கிற பனிமூட்டத்தில் பாதி புகை என்றால், ஆஸ்துமா உள்ளவர் அதற்குள் மூச்சிரைக்க நடப்பதில் என்ன லாபம்? டிசம்பர் கடைசியில் சூரியன் உதிக்கவே ஆறரை தாண்டிவிடுகிறது. ஏழரைக்கு மேல் கிளம்புவது பாதுகாப்பு. வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் கைகால் அசைத்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு கிளம்பினால் இன்னும் நல்லது.

மாலை நடையில் இந்தச் சிக்கல்கள் குறைவு. பகல் முழுக்க நடமாடியதில் தசைகள் இளகியிருக்கும், உடம்பின் வெப்பமும் மாலையில்தான் உச்சத்தில் இருக்கும். மூட்டுப் பிடிப்பு உள்ளவர்களுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் மேற்கு மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும். செருப்பைப் போடும்போதுதான் வானம் இருட்டும். டெங்குக் கொசுவுக்கும் அதுதான் நேரம்; சூரியன் உதித்த பிறகும் மறைவதற்கு முன்னும்தான் அது அதிகம் கடிக்கிறது. மழைத் தண்ணீர் தேங்கிய பூங்காவில் முழுக்கை சட்டை இல்லாமல் சுற்றாதீர்கள்.

மூன்றாவது வழி வீடு. இதைப் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு. அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. நடப்பவர்கள் முதல் பாதியை முடித்துவிட்டு இரண்டாவதை மறந்தே போகிறோம். வீட்டுப் பயிற்சி அந்த இடத்தை நிரப்பும். கையில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். எழும்போது மூச்சை விடுங்கள். உட்காரும்போது மனதுக்குள் மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள், தொப்பென்று விழக் கூடாது. பத்து முறை செய்து, ஒரு நிமிடம் நின்று, இன்னும் இரண்டு சுற்று. நான்காவது நாளே தொடை என்ன சொல்கிறது என்று பாருங்கள். அப்புறம் சுவரில் கைவைத்துத் தள்ளுவது, மாடிப்படி ஏறுவது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை. அடுக்குமாடியில் இருந்தால் ஏறுவதைக் காலிலும் இறங்குவதை லிஃப்டிலும் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் கிடைக்காதது வெயில். தோலில் வைட்டமின் டி உருவாக முற்பகல், நண்பகல் வெயில் வேண்டும். விடிகாலை இளவெயிலில் அதற்கான கதிர்கள் மிகக் குறைவு. அதனால் என் தேர்வு இது: வீட்டுப் பயிற்சி வருடம் முழுக்க நிலையாக இருக்கட்டும். மழையில்லாத நாளில் அதன் மேல் நடையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், முடிந்தவர்கள் வெயில் ஏறிய பிறகு. மழை வந்தால் அன்றைக்கு நடை மட்டும்தான் போகும், பழக்கம் போகாது. ஜிம்? ஏற்கெனவே போகிறவர்கள் தொடரலாம். இந்த மாதங்களுக்காகப் புதிதாகப் பணம் கட்டுவது தேவையில்லை.

காலையில் பொங்கலா, கம்பா?

வெண்பொங்கலைக் குற்றவாளியாக்க எனக்கு மனமில்லை. அரிசியும் பாசிப்பருப்பும் மிளகும் சீரகமும் இஞ்சியும் சேர்ந்த சூடான சாப்பாட்டில் தவறு இல்லை. பல கடைகளிலும் வீடுகளிலும் அதன் அளவு மாறிப்போனதுதான் சிக்கல்: பருப்பு குறைந்து, நெய்யோ டால்டாவோ கூடி, கூட ஒரு வடையும் வந்துவிடுகிறது. ஒரு மேசைக்கரண்டி நெய் ஏறத்தாழ 120 கலோரி. அரை மணி நேரம் மிதமாக நடந்தால் செலவாவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வீட்டில் செய்யும்போது ஒரு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு போட்டுப் பாருங்கள். குழைவு இன்னும் நன்றாக வரும், நெய் கேட்பதும் குறையும்.

கம்பை நாம் கூழாக்கிக் கோடையில் குடித்துப் பழகியதால், குளிருக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடுகிறோம். கம்மஞ்சோறாகப் பொங்கி, ஆவி பறக்கக் கீரைக் கடைசலோடோ கொள்ளுப் பருப்போடோ சாப்பிட்டால் இந்தப் பருவத்துக்கு அருமையாகப் பொருந்தும். அரிசியைவிடக் கம்பில் இரும்புச்சத்தும் நார்ச்சத்தும் பல மடங்கு. நேரமில்லாதவர்களுக்குக் கம்பு தோசை போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கம்பில் கொழுப்பு சற்று அதிகம், அரைத்த மாவு சீக்கிரம் சிக்கு வாடை பிடித்துக் கசக்கும். தானியமாக வாங்கி, ஒரு வாரத்துக்கானதை மட்டும் அரைத்துக்கொள்வது நல்லது. ராகிக்களியின் பலம் வேறு. 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு, அரிசி அதன் பக்கத்திலேயே வர முடியாது.

கம்பின் இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி துணை வேண்டும். ஆரஞ்சைத் தேடிப் போகாதீர்கள். நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் அதைவிட மிக அதிகம், விலையும் குறைவு. ஒரு பெரிய நெல்லியைத் துருவித் தேங்காயோடு துவையலாக அரைத்தால் காலைத் தட்டிலேயே இடம் கிடைத்துவிடும். நெல்லி ஊறுகாய் இதற்கு மாற்று ஆகாது, அதில் உப்புதான் முன்னால் நிற்கும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதையும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். அது இரும்புச்சத்தைச் சேரவிடாது.

கொள்ளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லிச் சொல்லி, கொள்ளு ரசம் குடித்தால் தொப்பை கரையும் என்று நம்புகிறவர்கள் அதிகம். அப்படி எதுவும் கரையாது. ஆனால் 100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் இருக்கிறது. வயிறு நிறைந்து வெகுநேரம் தாங்கும், அடுத்த பலகாரத்துக்குக் கை போகாது. தெளிந்த ரசத்தை மட்டும் குடித்துவிட்டுப் பருப்பைக் கொட்டிவிட்டால் அந்தப் பலன் போய்விடும்.

நாலு மணிப் பசி

உண்மையில் எடை ஏறுவது இங்கேதான். மழை தூறும்போது பஜ்ஜி வாசனைக்கு முன்னால் எந்த உறுதியும் நிற்காது. வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. அதே சூட்டோடு வேறொன்று கையில் இருக்க வேண்டும். மார்கழி, தையில் சந்தைக்கு வரும் பச்சைத் துவரங்காயைத் தோலோடு உப்புப் போட்டு வேகவைத்துப் பாருங்கள். பல்லில் வைத்து இழுத்தால் பருப்பு நழுவி வாய்க்குள் விழும். உரித்து உரித்துத் தின்பதால் வேகமும் குறையும். பச்சை மொச்சை, அவித்த நிலக்கடலை, மஞ்சள் போட்டு வேகவைத்த பனங்கிழங்கு எல்லாம் இதே பருவத்தில்தான் வருகின்றன. சர்க்கரைவள்ளிக்கிழங்கும் நல்லதுதான், சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவோடு. வாரத்தில் ஒரு நாள் பஜ்ஜியைத் தட்டில் எண்ணி வைத்து நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

குடிப்பதில் டீயா, சுக்குமல்லிக் காப்பியா என்று கேட்டால் தொண்டைக்குச் சுக்குக்காப்பி இதம், தூக்கத்தையும் கெடுக்காது. ஆனால் கருப்பட்டி போட்டது என்பதற்காக நாலு டம்ளர் குடிக்கக் கூடாது. கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரையேதான், இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். இரண்டையும்விட இந்த மாதங்களில் குறைந்துபோவது தண்ணீர். குளிரில் தாகம் தெரியாது. வெந்நீரைப் பிளாஸ்கில் ஊற்றிக் கண்ணெதிரே வைத்துக்கொண்டால் சாயங்காலத்துக்குள் காலியாகிவிடும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் இன்னும் போதவில்லை என்று அர்த்தம்.