விடுதியா, வேகேயா, பாட்டி வீட்டு மாடியா?

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் அறை தேடும்போது வாடகையையும் பல்கலைக்கழகம் எவ்வளவு தூரம் என்பதையும்தான் பார்ப்பார்கள். தப்பில்லை. விசாவுக்காக முன்கூட்டியே பணம் கட்டி வைக்கும் வங்கிக் கணக்கான பிளாக்டு அக்கவுண்டில் ஒரு வருஷத்துக்கென்று போட்ட 11,904 யூரோ மாதம் 992 ஆகத்தான் கைக்கு வரும் என்றால் வேறு எதைப் பார்ப்பது? ஆனால் ஜெர்மானியர்கள் அன்றாடம் எப்படி வாழ்கிறார்கள் என்பது படிப்பு முடிவதற்குள் உங்களுக்குப் பிடிபடுமா என்பதும் அந்த அறையைப் பொறுத்துத்தான் பெரும்பாலும் இருக்கிறது. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: அந்த வீட்டில் உங்கள் பேரில் ஒரு வேலை விழுமா, விழாதா?

விடுதியில் விழாது. மாணவர் நல அமைப்பான ஷ்டூடியரண்டன்வெர்க் நடத்தும் விடுதிகள் மலிவு; மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் வாடகைக்குள் அடங்கிவிடும். மூனிக் மாதிரி ஊர்களில் இடம் கிடைக்கச் சில செமஸ்டர்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். கிடைத்தபின் பொதுச் சமையலறையில் நான்கைந்து நாட்டுக்காரர்கள் இருப்பார்கள், பேச்சு ஆங்கிலத்தில் ஓடும். அதே மாடியில் இன்னொரு தமிழர் இருந்துவிட்டால் ஆங்கிலமும் நின்றுவிடும். முதல் செமஸ்டருக்கு இது பெரிய ஆறுதல்தான். ஆனால் அக்கம்பக்கத்தில் எல்லா நாட்டுக்காரர்களும் இருக்க, ஜெர்மானியர் மட்டும் குறைவு.

வேகே என்பது வேறு உலகம். ‘வோன்கெமைன்ஷாஃப்ட்’ என்பதன் சுருக்கம். மூன்று நான்கு பேர் ஒரே வீட்டை எடுத்து ஆளுக்கொரு அறையில் இருப்பது. உள்ளே நுழைவதற்கே நேர்முகத் தேர்வு உண்டு, அதைக் ‘காஸ்டிங்’ என்றே சொல்வார்கள். சமையலறை மேசையில் உட்கார வைத்து, எத்தனை மணிக்குத் தூங்குவாய், சேர்ந்து சமைக்கப் பிடிக்குமா என்று கேட்பார்கள். கூடிப் பழகாமல் வாடகையை மட்டும் பங்கு போடுகிற வீட்டுக்கு ‘ட்ஸ்வெக் வேகே’ என்று பெயர். அப்படிப்பட்ட வீட்டில் சேர்ந்தால் விடுதிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, விளம்பரத்தைக் கவனமாகப் படியுங்கள்.

சேர்ந்தபின் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய ‘புட்ஸ்பிளான்’, அதாவது துப்புரவு அட்டவணை, உங்கள் பெயரைக் காட்டும். காகிதம், மக்கும் குப்பை, பொட்டலக் கழிவு, மிச்சம் என்று தனித்தனித் தொட்டி. கண்ணாடிப் பாட்டிலைத் தெருவில் இருக்கும் கொள்கலனில் போட வேண்டும். அதையும் ஞாயிற்றுக்கிழமை செய்யக் கூடாது, சத்தம் கேட்கும். குளிர்காலத்தில்கூட ஜன்னலை முழுக்கத் திறந்து ஐந்து நிமிடம் காற்று விட வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். ஷ்டுட்கார்ட் பக்கம் என்றால் படிக்கட்டைக் கூட்டும் முறைக்கான பலகை வாராவாரம் ஒரு கதவில் தொங்கும்.

இதையெல்லாம் இணையத்தில் படித்துக்கொள்ளலாம், சரி. படித்துத் தெரியாதது ஒன்று இருக்கிறது. “இந்த வாரம் குளியலறை உன் முறை, நீ கழுவவில்லை” என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே “டீ போடட்டுமா?” என்று கேட்பார்கள். நமக்கு முதல் வாக்கியத்திலேயே சண்டை தொடங்கிவிட்டது. அவர்களுக்கு விஷயம் அங்கேயே முடிந்தது. இந்த இடைவெளி மனசுக்குப் பழக எனக்குத் தெரிந்து ஆறு மாதமாவது ஆகும்.

வேகேயின் குறை, இங்கிருந்தபடி பிடிப்பது கடினம். வீட்டைப் பார்க்காமல் முன்பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று தேவை. “பதிவெல்லாம் வேண்டாம்” என்பவரிடம் அறை எடுக்காதீர்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் சில மாதங்களுக்கு அறையை விடுவார்கள், ‘ட்ஸ்விஷன்மீட்ட’ என்று பெயர். அதில் தங்கிக்கொண்டு தேடுவது நல்ல வழி.

மூன்றாவது நம்மவர்கள் பலருக்குத் தெரியாதது: ‘வோனன் ஃபியூர் ஹில்ஃப’, உதவிக்கு உறைவிடம். வீட்டில் இடம் மிச்சமிருக்கும் முதியவரோடு மாணவர் தங்குவார். பொதுவான கணக்கு, அறையின் ஒரு சதுர மீட்டருக்கு மாதம் ஒரு மணி நேர உதவி. பதினைந்து சதுர மீட்டர் அறை என்றால் பதினைந்து மணி நேரம் தோட்டம், கடைக்குப் போவது, பேச்சுத்துணை. வாடகை கிடையாது, வெந்நீர், மின்சாரச் செலவு மட்டும். நோயாளிப் பராமரிப்பு இதில் சேராது. கொலோன் உட்படப் பல பல்கலைக்கழக ஊர்களில் இந்த ஏற்பாடு இருக்கிறது.

மொழி வளர இதைவிட வேகமான இடம் இல்லை, ஏனென்றால் ஆங்கிலத்துக்குத் தாவ முடியாது. ஞாயிறு மதியம் காப்பியும் கேக்கும், பழைய கதைகளும் நிச்சயம். ஆனால் நீங்கள் கற்பது அந்தத் தலைமுறையின் ஜெர்மனியை. ராத்திரி நண்பர்களைக் கூட்டி வர முடியாது. அட்டவணையில் இல்லாத எதிர்பார்ப்புகளும் மெல்ல வளரும், அதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டுக்கொள்வது நல்லது. ஜெர்மன் கொஞ்சமும் வராதவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

என் தேர்வு வேகே. தட்டுத் தடுமாறியாவது ஜெர்மன் பேசுகிறவர்கள் இரண்டாம் செமஸ்டரிலாவது மாறிவிடுங்கள்.

விடுதியைத் தவிர வேறு கிடைக்கவில்லையா? அப்போது ‘ஃபெரைன்’, அதாவது உள்ளூர்ச் சங்கங்கள், பக்கம் போங்கள். பதிவு பெற்ற சங்கங்கள் மட்டும் நாட்டில் ஆறு லட்சத்துக்கு மேல். கைப்பந்து, சேர்ந்திசை, சதுரங்கம், தன்னார்வத் தீயணைப்பு என்று எது வேண்டுமானாலும் இருக்கும். பல்கலைக்கழக விளையாட்டு வகுப்பு கட்டணத்தில் மலிவுதான், ஆனால் செமஸ்டருக்குச் செமஸ்டர் முகங்கள் மாறும். ஃபெரைனில் இருபது வருஷமாக அதே ஆட்கள். அறுபது வயதுக்காரரும் ‘டூ’ என்று ஒருமையில் கூப்பிடச் சொல்வார். நமக்கு நாக்கு கூசும். சில மாதம் கழித்துக் கோடை விழாவுக்கு யார் கேக் கொண்டுவருவது என்று ஒரு தாள் சுற்றி வரும். பேனாவை வாங்கி உங்கள் பெயரையும் எழுதுங்கள்.