எண்ணெய்க்குக் காரம், சுண்ணாம்புக்கு அமிலம்: எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்தோடு சில ஆண்டுகள்

எங்கள் வீட்டில் ஓடுவது காஜியா கிளாசிக் என்ற எஸ்பிரெஸ்ஸோ இயந்திரம். 1991இல் இத்தாலியில் அறிமுகமாகி, உள்ளே அவ்வப்போது மாற்றங்களோடு இன்றுவரை விற்பனையில் இருக்கும் மாடல். ஒரே ஒரு சிறிய அலுமினிய பாய்லர், காப்பித்தூள் போடும் 58 மில்லிமீட்டர் கூடை, மூன்று வழி சோலனாய்டு வால்வு, அதிர்வு பம்ப். தொடுதிரை, செயலி என்று எதுவும் கிடையாது, மூன்று ஸ்விட்சுகள்தான். வாங்கிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இதில் வரும் காப்பியின் சுவையைப் பற்றித் தேவைக்கு மேலேயே எழுதிவிட்டார்கள். கழுவுவது, துடைப்பது, ரப்பர் மாற்றுவது பற்றி எழுத ஆளில்லை. அதை மட்டும் எழுதுகிறேன். நாங்கள் இருப்பது தாம்பரத்தை ஒட்டிய பகுதி, குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்று நீர் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதை தண்ணீரில்தான் இருக்கிறது.

இந்த இயந்திரத்துக்கு எதிரிகள் இரண்டு பேர். ஒன்று காப்பிக்கொட்டையின் எண்ணெய். மற்றொன்று தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு. (பால் மூன்றாமவர். அவரை வாசலிலேயே நிறுத்திவிடலாம்.) எண்ணெய் படிவது காப்பித்தூள் தொடும் இடங்களில்: கூடை, அதைத் தாங்கும் கைப்பிடி, வெந்நீரைத் தூளின் மேல் தெளிக்கும் சல்லடை, அதற்கு மேலுள்ள தட்டு, வால்வின் வெளியேற்றும் வழி. சுண்ணாம்பு படிவது தண்ணீர் சூடாகும் இடத்தில்: பாய்லர், அதிலிருந்து புறப்படும் குழாய்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கக் காரம் (மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான சோடா வகை) வேண்டும். சுண்ணாம்பைக் கரைக்க அமிலம் வேண்டும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

கடைகளில் இரண்டையும் ‘கிளீனர்’ என்ற ஒரே பெயரில் விற்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். காப்பி கசக்கிறது என்று சுண்ணாம்பு நீக்கியை வாங்கி ஊற்றி, மறுநாளும் அதே கசப்பு என்று அலுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கசப்பு சல்லடையில் ஊறிக் கெட்டுப்போன பழைய எண்ணெயுடையது. எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலத்தை) கிலோ கணக்கில் கரைத்து ஊற்றினாலும் அது அசையாது.

எண்ணெயை முதலில் பார்ப்போம். மூன்று வழி வால்வு உள்ள இயந்திரத்தில், காப்பி இறங்கி முடிந்து ஸ்விட்சை அணைத்ததும், கூடையில் மிச்சமிருக்கும் அழுத்தம் வால்வு வழியாகக் கீழே உள்ள சொட்டுத் தட்டில் ‘புஸ்’ என்று இறங்கும். தூள் வில்லை காய்ந்து, தட்டினால் முழுசாக விழுவது அதனால்தான். ஆனால் அந்த அழுத்தத்தோடு நுண்ணிய தூளும் எண்ணெயும் மேலே உறிஞ்சப்பட்டு வால்வுக்குள் போகின்றன. அதைக் கழுவும் முறைக்குப் பேக்ஃபிளஷ் என்று பெயர். துளையில்லாத கூடையைக் கைப்பிடியில் பொருத்தி, அரை டீஸ்பூன் காரப்பொடி போட்டு, கைப்பிடியை மாட்டி, பம்பைப் பத்து விநாடி ஓட விட்டு அணைக்க வேண்டும். தண்ணீர் கீழே இறங்க வழியில்லாததால் பொடி கலந்த நீர் வால்வு வழியாகத் திரும்பிப் பாய்ந்து தட்டில் கொட்டும். ஐந்து முறை இப்படி. பிறகு பொடி இல்லாமல் வெறும் தண்ணீரில் அதே அளவுக்கு.

தட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கிண்ணத்தை வைத்துப் பாருங்கள். முதல் முறை விழுவது கரும்பழுப்பு நுரை, ஓரத்தில் கறுப்புத் துகள்கள், மூக்கைச் சுளிக்க வைக்கும் சிக்கு வாடை. இரண்டாவது முறை நிறம் இளகும். நான்காவது, ஐந்தாவது முறையில் நுரை வெளுத்துவிடும். ஐந்தாவதிலும் பழுப்பு வந்தால் நீண்ட நாள் விட்டுவிட்டீர்கள் என்று பொருள்; இன்னொரு அரை டீஸ்பூன் போட்டுத் திரும்பச் செய்யலாம்.

இதற்கென்று விற்கும் கஃபீசா, பூலி காஃப் போன்ற பொடிகளின் சாரம் சோடியம் பெர்கார்பனேட்டும் சோடியம் கார்பனேட்டும்தான். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். அதன் வாசனை நாலு காப்பிக்கு விடாது. நாளைக்கு மூன்று நான்கு காப்பி போடும் வீட்டுக்கு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பொடியும், வாரக் கடைசியில் வெறும் தண்ணீரும் போதும். ஒரு எச்சரிக்கை: மூன்று வழி வால்வு இல்லாத சிறிய இயந்திரங்களில் இதைச் செய்யவே கூடாது. அழுத்தம் வெளியேற வழியில்லாமல் கைப்பிடிக்குள்ளேயே நிற்கும். கழற்றும்போது கொதிநீர் முகத்தில் தெறிக்கும்.

பேக்ஃபிளஷ் செய்துவிட்டால் எல்லாம் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். சல்லடையைக் கழற்றிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நடுவில் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றினால் சல்லடை கையோடு வரும். அதன் முதுகில் தார் பூசியது போன்ற ஒரு படலம் இருக்கும். அதற்கு மேலே உள்ள தட்டை இரண்டு ஆலன் ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கின்றன. 5 மில்லிமீட்டர் சாவி வேண்டும். சல்லடையையும் கூடையையும் கொதிநீரில் காரப்பொடி கரைத்து இருபது நிமிடம் ஊற வைத்தால் தேய்க்காமலே பளிச்சென்று வந்துவிடும். அலுமினியப் பாகம் எதையும் அந்த நீரில் போட்டுவிடாதீர்கள், கறுத்துவிடும். பழைய மாடல்களில் இந்த மேல்தட்டு அலுமினியம்தான். அதற்கு ஈரத்துணியும் பிரஷ்ஷும் போதும். கைப்பிடியின் பிளாஸ்டிக்கையோ மரத்தையோ நீரில் முக்க வேண்டாம். உலோகத் தலை மட்டும் நனைந்தால் போதும்.

என் மாமியார் இந்தச் சடங்கைப் பார்த்துவிட்டு, “இரண்டு வாய் காப்பிக்கு இத்தனை ஆராதனையா?” என்றார். அவருடைய பித்தளை ஃபில்டரின் துளைகள் அடைத்தால் அடுப்புத் தீயில் காட்டி, இரண்டு தட்டு தட்டினால் வேலை முடிந்தது. பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் அவர் வாங்கும் சிக்கரி கலந்த தூளை இதில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டபோது மட்டும் உறுதியாக மறுத்தேன். வறுத்த சிக்கரி காப்பியைவிட அதிகமாக நீரில் கரையும், பிசுபிசுக்கும். கூடையின் நுண்துளைகளிலும் வால்விலும் அதை ஏற்றுவது வம்பை விலைக்கு வாங்குவது.

பாலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடனே செய்தால் ஒரு நிமிடம், தள்ளிப் போட்டால் அரை மணி நேரம். நீராவியை மூடும் கணத்தில் குழாய்க்குள் இருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கும். அந்த வெற்றிடம் நுனியில் இருக்கும் பாலை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே பால் பாத்திரத்தை எடுத்ததும் ஈரத்துணியால் குழாயை ஒரு வழி வழித்துவிட்டு, இரண்டு விநாடி நீராவியை வெறுமனே விட வேண்டும். காய்ந்துவிட்ட பாலைக் கத்தியால் சுரண்டக் கூடாது. நனைத்த துணியைச் சுற்றிச் சிறிது நேரம் விட்டால் ஊறி உரிந்து வரும். ஆரஞ்சு பாக்கெட் ஆவின் பால் நுரைக்கு அருமை, ஆனால் கொழுப்பு அதிகம் என்பதால் படிவதும் அதுதான் அதிகம். நீராவி எடுத்து முடித்தபின் பாய்லரில் தண்ணீர் குறைந்திருக்கும். நீராவிக் குமிழைத் திறந்து, பம்பை ஓட்டி, குழாயில் தண்ணீர் சீராக வரும்வரை நிரப்பிவிடுங்கள். பாய்லரை வறண்டு காய விடுவதுதான் அதன் ஆயுளைக் குறைக்கும் முதல் காரியம்.

இனி தண்ணீர். குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை (கரைந்த கால்சியம், மக்னீசியத்தின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீராதாரம் இல்லையென்றால் 600 வரை ஏற்கலாம் என்கிறது ஐஎஸ் 10500 என்ற இந்தியத் தரநிலை. அது மனித வயிற்றுக்குச் சொன்னது. பாய்லருக்கு அந்த 200ஏ அதிகம். சிறுவாணி நீர் வரும் வீட்டுக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். சுண்ணாம்புக்கல் மேல் உட்கார்ந்திருக்கும் யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் இரண்டு முறை படிக்கலாம்.

டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அது கரைந்திருக்கும் உப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறது. அதில் சுண்ணாம்பு எவ்வளவு, சாதா உப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. கடலோர ஊர்களில் நிலத்தடி நீரில் குளோரைடு சேர்ந்திருக்கும். அது படியாது, உலோகத்தை அரிக்கும். கடினத்தன்மையைத் தனியாக அளக்கச் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சிறிய பெட்டி கிடைக்கிறது. அதுவும் வேண்டாமென்றால், இயந்திரத்தில் ஊற்றும் அதே தண்ணீரை மின்சார கெட்டிலில் சில வாரம் காய்ச்சுங்கள். அடியில் வெள்ளை பூத்தால் பாய்லருக்குள்ளும் அதே பூத்துக்கொண்டிருக்கிறது.

நான் கடைப்பிடிப்பது இது. ஆர்.ஓ. நீரை எடுத்துக்கொள்கிறேன். அதை அப்படியே ஊற்றினால் காப்பி சப்பென்று புளிக்கும். உப்பே இல்லாத நீர் உலோகத்துக்கும் நல்லதல்ல. ஆகவே உணவுத் தரப் பொட்டாசியம் பைகார்பனேட் 10 கிராமை ஒரு லிட்டர் ஆர்.ஓ. நீரில் கரைத்து ஒரு பாட்டிலில் வைத்திருக்கிறேன். தொட்டியில் ஊற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அதில் 10 மில்லிலிட்டர், அதாவது 100 மில்லிகிராம் உப்பு. இதில் கால்சியம் ஏறக்குறைய இல்லாததால் சுண்ணாம்பு படிய வழியில்லை. காரத்தன்மை இருப்பதால் அரிப்பும் குறைகிறது, புளிப்பும் அடங்குகிறது. வாங்கிய பொருள்களில் காசுக்கு அதிகப் பலன் தந்தது எது என்று கேட்டால், இயந்திரத்துக்கு அடுத்தபடி இந்த உப்பைத்தான் சொல்வேன்.

இப்படித் தண்ணீரைச் சரிசெய்துவிட்டால் அமிலம் ஊற்றும் வேலை மிகவும் குறைந்துவிடும். செய்துதான் ஆக வேண்டும் என்றால், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலம் ஒரு லிட்டருக்கு 20 கிராம் போதும். முதலில் சல்லடையைக் கழற்றிவிடுங்கள். இயந்திரத்தைச் சூடாக்காமல் பம்பை மட்டும் ஓட்டி பாய்லரை அமில நீரால் நிரப்பி, அணைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, மேலும் கொஞ்சம் ஓட்டி, நீராவிக் குழாய் வழியாகவும் சிறிது விட வேண்டும். கொதிக்கவைத்தால் வேகமாகக் கரையும் என்று தோன்றும். ஆனால் சூட்டில் சிட்ரிக் அமிலமும் கால்சியமும் சேர்ந்து எளிதில் கரையாத கால்சியம் சிட்ரேட்டாகி, சுண்ணாம்புக்குப் பதில் அது படியும். அலுமினிய பாய்லரில் இரவு முழுக்க ஊறவைப்பதும் ஆகாது. அமிலம் அலுமினியத்தையும் தின்னும். 2024இல் வந்த பதிப்பில் பித்தளை பாய்லர் வைத்திருக்கிறார்கள், அதற்கும் அளவோடுதான். கடைசியில் இரண்டு தொட்டி நல்ல தண்ணீர் ஓட்டிக் கழுவ வேண்டும்.

இன்னொரு சங்கடம்: நெடுநாள் படிந்த சுண்ணாம்பு கரைவதற்குப் பதில் செதில் செதிலாகப் பெயர்ந்து சோலனாய்டு வால்வின் சிறு துளையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதுவரை ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் சுத்தம் செய்த அன்று சண்டித்தனம் செய்வது இதனால்தான். மின்சாரத்தைத் துண்டித்து, ஆற விட்டு, வால்வைக் கழற்றித் துளையைச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். ஒரு மெக்கானிக் இதற்கு பாய்லரையே மாற்றச் சொன்னதாக நண்பர் ஒருவர் புலம்பினார்.

கைப்பிடி பொருந்தும் இடத்திலுள்ள ரப்பர் கேஸ்கட் செலவு கணக்கில் வரும் ஒரே பாகம். குக்கர் கேஸ்கட்டைப் போலவே இதுவும் சூட்டில் இறுகும். கைப்பிடி வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி வலது பக்கம் போக ஆரம்பிக்கும். பிறகு ஓரத்தில் சொட்டும். அந்தக் கட்டத்தில் பலத்தைக் காட்டி முறுக்காமல் மாற்றிவிடுங்கள். பழையது பிடிவாதமாக ஒட்டியிருந்தால், ஒரு மர ஸ்க்ரூவை அதன் உடம்பில் கொஞ்சம் முறுக்கி ஏற்றி, குறடால் பிடித்து இழுத்தால் வரும். வரும்போது கரியாக உதிரும். அந்தப் பள்ளத்தைப் பிரஷ்ஷால் சுத்தமாகத் துடைக்காமல் புதியதை அழுத்தினால் அதுவும் சொட்டும். சிலிகோன் கேஸ்கட் சற்று விலை அதிகம், ஆனால் எளிதில் இறுகுவதில்லை. நான் அதற்கு மாறிவிட்டேன், திரும்பப் போகும் எண்ணமில்லை.

வெளிநாட்டுக் காணொளிகளில் வராத இரண்டு விஷயங்கள் நம் ஊருக்கு உண்டு. முதலாவது கரப்பான். இயந்திரத்தின் அடிப்பக்கம் வெதுவெதுப்பு, இருட்டு, ஈரம், காப்பித்தூள்; அதற்கு வேறென்ன வேண்டும்? சொட்டுத் தட்டை இரவில் காலி செய்து, கழுவிக் கவிழ்த்து வைப்பது எங்கள் வீட்டில் கேஸ் மூடுவதற்குச் சமமான விதி. மழைக்காலத்தில் கைப்பிடியில் தூள் வில்லையை மறந்துவிட்டால் பூஞ்சை பூத்துவிடும். இரண்டாவது மின்சாரம். 1,400 வாட்டை ஒட்டிய இயந்திரம் 230 வோல்ட்டில் 6 ஆம்பியரைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது. சமையலறையின் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் பல்முனை அடாப்டரோடு செருகினால் பிளக் உருகும். 16 ஆம்பியர் பிளக்கில் தனியாகக் கொடுங்கள்.

பழைய இயந்திரம் வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் ஆண்டைக் கேட்பதைவிட எந்தத் தண்ணீர் ஊற்றினார் என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் அனுமதி வாங்கி அந்த ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றிச் சல்லடையின் முதுகைப் பாருங்கள். ஸ்க்ரூ துருவேறி அசையவே இல்லை என்றால் யாரும் அதைத் திறந்ததில்லை, விலையில் கேஸ்கட்டும் சல்லடையும் மேல்தட்டும் கழித்துப் பேசலாம். பிறகு காப்பி எதுவும் போடாமல் பம்பை ஓட்டிக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடியுங்கள். வெள்ளைச் செதில் மிதந்தால் விட்டுவிடுங்கள். பழுப்பாக வந்தால் கவலைப்பட வேண்டாம், அது எண்ணெய். அரை டீஸ்பூன் பொடியில் போய்விடும்.