தென் அமெரிக்கப் பழங்குடிச் சமயங்கள்: இந்திராநகரில் ஆறு சனிக்கிழமைகள்

தென் அமெரிக்கப் பழங்குடி மக்களின் சமயங்களைப் பற்றி பெங்களூரு இந்திராநகரில் ஒரு மாடி அறையில் ஆறு சனிக்கிழமை மாலைகளில் வகுப்பு நடந்தது. 4,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். அல்சூரிலிருந்து நடந்தே போகலாம் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

கொடுத்த பணத்தில் பாதி முதல் நாளே ஈடாகிவிட்டது. ஆவிகளோடு பேசிச் சடங்கால் நோய் தீர்ப்பவரைக் குறிக்கும் ‘ஷாமன்’ என்பது சைபீரியாவின் துங்கூசிய மொழிகளிலிருந்து ஐரோப்பியர் எடுத்துக்கொண்டு, பின்னர் எல்லா நாட்டவருக்கும் சூட்டிய பெயர் என்று தொடங்கிய ஆசிரியர், அதன்பின் மப்புச்சே மக்களின் மாச்சி, கொலம்பியாவில் கோகி மக்களின் மாமோ, ஆண்டிஸ் மலையில் கெச்சுவா மக்களின் பாக்கோ என்று அவரவர் வழங்கும் சொல்லாலேயே பேசினார். கோடாங்கி வேறு, பூசாரி வேறு, சாமியாடி வேறு என்று அறிந்த நமக்கு இந்தக் கவனத்தின் அருமை எளிதில் விளங்கும்.

மாச்சியைப் பற்றிய மூன்றாம் வகுப்பை மறக்க முடியாது. சிலியிலும் அர்ஜென்டினாவிலும் வாழும் மப்புச்சே மக்களிடையே இன்று மாச்சிகளில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கையில் எடுக்கும் குல்த்ருன் என்ற தோற்பறையின் முகத்தில் நான்கு திசைகளைக் குறிக்கும் கோடுகள் வரையப்பட்டிருக்கும். ஆண் மாச்சி சடங்கின்போது பெண்ணுடை அணிவதும் உண்டு. இதைக் கேட்டதும், சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் பெண்கோலம் பூண்டு பெங்களூரு தர்மராயர் கோயிலிலிருந்து திரௌபதியின் கரகம் சுமந்து வருபவரை வகுப்பில் பாதிப் பேர் நினைத்திருப்போம். ஒப்புமையைச் சொல்ல இடம்கொடுத்த ஆசிரியர், திரௌபதியின் கதையை மாச்சியின் மேல் ஏற்றிவிட வேண்டாம் என்று உடனே தடுத்ததும் எனக்குப் பிடித்திருந்தது.

குறை என்றால், அமேசான் பகுதி மக்கள் சடங்கில் குடிக்கும் அயவாஸ்கா என்ற கசாயம் இரண்டு வாரங்களை விழுங்கியதுதான். அதில் சேரும் சக்ருனா இலையிலுள்ள டி.எம்.டி. என்ற மனமயக்கப் பொருளைத் தனியாகக் குடித்தால் குடலிலும் ஈரலிலும் உள்ள நொதி சிதைத்துவிடும் என்பதையும், உடன் காய்ச்சும் கொடியிலுள்ள ஹார்மின் அந்த நொதியைத் தடுக்கிறது என்பதையும், பெருவின் அமேசான் பகுதியில் வாழும் ஷிபிபோ மக்கள் மருத்துவத்தில் பாடும் இக்காரோ பாடல்களையும் தெளிவாக விளக்கினார். ஆனால் பின்வரிசையிலிருந்து திரும்பத் திரும்ப வந்த கேள்வி, எங்கே போய்க் குடிக்கலாம் என்பதே. டி.எம்.டி. இந்தியாவில் சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட பொருள் என்று ஒருமுறை சொன்னதோடு அந்தப் பேச்சை முடித்திருக்க வேண்டும்.

அதனால் நேரம் இழந்தது பெருவின் ஆண்டிஸ் மலைப்பகுதியைச் சேர்ந்த வாரோச்சிரி சுவடி. ஏறத்தாழ 1608இல் கெச்சுவா மொழியில் எழுதப்பட்ட அந்த நூலில், ஐந்து முட்டைகளிலிருந்து பிறந்த பரியகாகா என்ற மலைத்தெய்வத்தின் கதை இருக்கிறது. அந்த வழிபாட்டை ஒழிக்க முனைந்த பாதிரியாரின் முயற்சியோடு தொடர்புடைய ஏட்டிலேயே அது பிழைத்திருக்கிறது. இவ்வளவு பெரிய செய்திக்குக் கிடைத்தது கடைசி நாளின் கால் மணி நேரம்.

கொடுத்த பிரதிகளும் கறுப்பு வெள்ளை நகல்கள்தாம். ஷிபிபோ துணிகளின் கேனே கோலங்கள் அவற்றில் வெறும் மசியாகத் தெரிந்தன. அடுத்த சுற்றில் ஆண்டிஸுக்கு இரண்டு வாரம் ஒதுக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒதுக்கினால், அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் மறுபடி பணம் கட்டுவேன்.