பூனைக்கண் பாம்பா, சுருட்டை விரியனா?

முக்கோணத் தலை, செங்குத்தான கண்மணி, பழுப்பு உடம்பு, சீண்டினால் திரும்பத் திரும்பப் பாயும் குணம். இந்த நான்கும் இரண்டு பாம்புக்கும் பொருந்தும். சுருட்டை என்று நினைத்துப் பூனைக்கண் பாம்பை அடித்துக் கொல்வது இதனால்தான்.

பார்க்க வேண்டியது உச்சந்தலையை. பூனைக்கண் பாம்புக்கு அங்கே பெரிய, வழவழப்பான தகடுகள் இடமும் வலமும் ஒத்து அமைந்திருக்கும். சுருட்டைக்குத் தலை முழுக்கப் பொடிச் செதில், மேலே பறவைக் காலடி போல வெளிறிய குறி.

எட்ட நின்றால் தலைச் செதில் தெரியாது, வாலைப் பாருங்கள். பூனைக்கண் பாம்பு ஒல்லி, கழுத்து இன்னும் ஒல்லி. மூன்றடி வரைகூட வளரும், வால் நீண்டு மெலியும். தென்னிந்தியச் சுருட்டை பெரும்பாலும் ஒன்றரை அடிக்குள். கட்டையான உடம்பு, சட்டென முடியும் வால். மிரண்டால் உடல் மடிப்புகளை ஒன்றோடொன்று உரசி, பக்கச் செதில்களால் ரம்பம் அறுப்பதுபோல் ஒலி எழுப்பும். பூனைக்கண் பாம்பு வாலை அதிரவைக்கும். காய்ந்த சருகில் அதுவும் சத்தம் தரும் என்பதால் காதை மட்டும் நம்பக் கூடாது.

இருப்பிடத்தையும் நம்ப முடியாது. பூனைக்கண் பாம்பு புதரிலும் ஓலைக் கூரையிலும் தங்கி, இரவில் பல்லி, ஓணான் தேடும், முட்டையிடும். சுருட்டை கல்லடியில் வாழ்ந்து தேள், பூரான், தவளை தின்னும். இந்தியாவில் இது குட்டி போடும். ஆனால் மழைக்குப் பிறகு சுருட்டையும் புதரேறும்!

பெரிய வேறுபாடு பல்லில். பூனைக்கண் பாம்புக்கு விஷப்பல் மேல்தாடையின் பின்பக்கம். கவ்வி மென்றால்தான் லேசான விஷம் இறங்கும். பெரும்பாலும் சிறு வீக்கத்தோடு அடங்கிவிடும், விஷமுறிவு மருந்து தேவைப்படாது. சுருட்டைக்கு முன்பல், ஒரே கொத்தில் விஷம் ஏறும். ரத்தம் உறையும் தன்மை கெட்டு, ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வரலாம்; அது தெரியவே சில மணி நேரம் ஆகலாம்.

கடி விழுந்தபின் பாம்பின் அடையாளத்தைப் பேசி நேரம் கடத்தாதீர்கள். கட்டுப் போடாமல், கீறாமல், மோதிரம், வளையல்களைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாவிட்டால் விரியன் விஷம் என்று சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு. பிளாஸ்டிக் குழாயோ, சோப்புத் தூளால் கழுவிய கண்ணாடியோ என்றால் நல்ல ரத்தமும் உறையாமல் போகலாம். முதல் முறை உறைந்தாலும் சோதனையைத் திரும்பச் செய்யும்வரை வீட்டுக்குக் கிளம்பக் கூடாது.