நீரோடி பக்கம் ஒரு சாயாக்கடை: ரசவடைக்கு மூன்று ஸ்டார், ரெஃப்ரி சண்டைக்கு ஐந்து

வயிற்றுக்கு மட்டும் என்றால் இந்தக் கடையைத் தேடிப் போக வேண்டாம். குமரி மாவட்டத்தில் கொல்லங்கோட்டிலிருந்து நீரோடி போகிற வழியில் இதைவிட நல்ல சாயா கிடைக்கும். ஆனால் சனிக்கிழமை ராத்திரி கால்பந்து மேட்ச் பார்த்துவிட்டு, "அது பெனால்டியா இல்லையா" என்று யாரோடாவது மோதியே ஆக வேண்டும் என்று கை அரிக்கிறதா? அப்படியென்றால் மார்த்தாண்டத்திலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு வரலாம். நான் அப்படித்தான் வருகிறேன்.

போர்டு கிடையாது. இரண்டு ஷட்டர், வெளியே பெஞ்சு, உள்ளே சுவரில் பெரிய டிவி. எல்லை தாண்டி கேரளாவின் பொழியூர்ப் பையன்கள் கேரளா பிளாஸ்டர்ஸ் டீமின் மஞ்சள் ஜெர்சியில் வந்து இறங்குவார்கள். இந்தப் பக்கம் தூத்தூர், இரவிபுத்தன்துறை ஆட்கள். மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறையிலிருந்து ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வரைக்கும் போனவர் என்பது தெரிந்திருக்கும். இந்தக் கடற்கரையில் மணலில் பந்து உருட்டாமல் வளர்ந்த பிள்ளை குறைவு. அதனால் "நீ பந்தைத் தொட்டிருக்கியா?" என்ற கேள்வி இங்கே எடுபடாது. எதிரே இருப்பவன் உங்களைவிட நன்றாகவே தொட்டிருப்பான்.

சாப்பாட்டை முடித்துவிடுகிறேன். ரசவடை நன்றாக இருக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் மீன் வந்த நாளில் அருமை. பரோட்டா சுமார். சாயா முதல் பாதியில் சாயாவாக இருக்கும், இடைவேளைக்குப் பிறகு வருவது சர்க்கரைத் தண்ணீர். கேட்டால் "கூட்டம் மக்களே" என்பார் அண்ணன்.

அந்த அண்ணன்தான் விஷயம். உள்ளூர் டூர்னமெண்டுகளில் லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்தவர். நடுவராகவும் ஓடியிருக்கிறார், ஒருமுறை விசிலோடு கடலோரமாகவே தப்பித்து ஓடியதாகவும் கேள்வி. (அவரிடம் கேட்டால் சிரிப்பார், மறுக்க மாட்டார்.) பற்று நோட்டு வைக்கிற டிராயரில் பிளாஸ்டிக் கவர் போட்டு ஆட்ட விதிகளின் பிரிண்ட் அவுட் வைத்திருக்கிறார். மொத்தம் 17 விதி. சத்தம் ஒரு அளவுக்கு மேல் போனால் ரிமோட்டை எடுத்து மியூட் போடுவார். அதற்கப்புறம் "எந்த விதி? சொல்லு" என்பார். அவ்வளவுதான் இந்தக் கடையின் சட்டம். விதியைச் சொல்லாதவன் பேச்சு செல்லாது.

அவர் எப்படி விளக்குவார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2022 உலகக் கோப்பையில் ஜப்பான்–ஸ்பெயின் மேட்ச். மிட்டோமா கோட்டோரத்திலிருந்து பந்தை இழுத்து உள்ளே போட, தனாகா கோலாக்கினார். டிவியில் பார்த்தால் பந்து வெளியே போய்விட்டது போலவே இருக்கும். ஜப்பான் 2-1 என்று ஜெயித்தது, அதனால் அதே பிரிவில் இருந்த ஜெர்மனி, கோஸ்டாரிகாவை 4-2 என்று அடித்தும் வீட்டுக்குப் போனது. நம் ஊருக்கு நள்ளிரவு தாண்டிய நேரம். ஜெர்மனி ஃபேன் ஒருவன் பெஞ்சில் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தான். அண்ணன் சர்பத்துக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்தார். அதை மேஜை மேல் வைத்து, மேஜை ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு பீடித் தீப்பெட்டியைப் படுக்க வைத்தார். தீப்பெட்டிதான் கோடு. பழம் மேஜையைத் தொடுகிற புள்ளி தீப்பெட்டிக்கு வெளியே இருந்தது. "பக்கத்திலிருந்து பார்த்தா வெளியே. இப்ப மேலேயிருந்து குனிஞ்சு பாரு" என்றார். ஒவ்வொருவனாகத் தலையை நீட்டிப் பார்த்தான். பழத்தின் வயிறு தீப்பெட்டி விளிம்புக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தது. பந்து முழுசாகக் கோடு முழுசையும் தாண்ட வேண்டும், விதி 9. உள்ளே இருந்தது 1.88 மில்லிமீட்டர் என்று பின்னால் செய்தி வந்தது. ஜெர்மனி ஃபேன் இறங்கி உட்கார்ந்தான். அப்புறம் அதே பழத்தைப் பிழிந்து அவனுக்கே சர்பத் கொடுத்தார் என்பது உபரித் தகவல்.

எல்லாச் சண்டையும் இப்படி எலுமிச்சையில் முடியாது. 2023 மார்ச் 3, பெங்களூர் ஸ்ரீ கண்டீரவா மைதானம், பெங்களூர் எஃப்.சி.–கேரளா பிளாஸ்டர்ஸ் பிளே ஆஃப். கூடுதல் நேரத்தில் ஃப்ரீ கிக். பிளாஸ்டர்ஸ் ஆட்கள் வரிசையாக நின்று தடுப்புச் சுவர் கட்டி முடிக்கும் முன்பே பெங்களூரின் சுனில் சேத்ரி அடித்துவிட்டார், ரெஃப்ரி கிரிஸ்டல் ஜான் கோல் என்றார். பிளாஸ்டர்ஸ் கோச் இவான் வுகோமனோவிச் டீமையே வெளியே அழைத்துக்கொண்டு போனார். ஆட்டம் 1-0 என்று பெங்களூருக்குப் போனது. பிறகு இந்தியக் கால்பந்து சம்மேளனமான ஏ.ஐ.எஃப்.எஃப். பிளாஸ்டர்ஸ் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம் போட்டது, கோச்சுக்கு 10 மேட்ச் தடை. இந்தக் கேஸ் இந்தக் கடையில் இன்னும் முடியவில்லை. பொழியூர்ப் பையன் ஒருவன் வந்து உட்கார்ந்தாலே யாராவது "விசில்..." என்று இழுப்பார்கள். தீர்ந்தது.

பையன்கள் வாதம்: விசில் ஊதாமல் எப்படி அடிக்கலாம்? அண்ணன் டிராயரைத் திறப்பார். "எல்லா ஃப்ரீ கிக்குக்கும் விசில் எதுக்கு மக்களே? வேகமா அடிக்கிறது அடிக்கிறவன் உரிமை. தப்பு செஞ்ச டீமுக்கு ஒழுங்கு பண்ணிக்க நேரம் கொடுக்கணும்னு எங்கேயும் எழுதல." இது வரைக்கும் சேத்ரி பக்கம். அடுத்த வரியில் கட்சி மாறுவார். "ஆனா ரெஃப்ரி சுவரை பந்திலிருந்து 9.15 மீட்டர் தள்ளி வைக்க ஆரம்பிச்சுட்டார்னா, அப்புறம் விசில் கட்டாயம்." ஆக, கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அவர் ஆரம்பித்துவிட்டாரா, இல்லையா? ஃபோனில் வீடியோவை ஓட்டுவார்கள். மஞ்சள் ஜெர்சிக்கு ஆரம்பித்தது போலவும் மற்றவனுக்கு ஆரம்பிக்காதது போலவும் தெரியும். ஐ.எஸ்.எல்.லில் வி.ஏ.ஆர். (வீடியோ பார்த்து ரெஃப்ரிக்கு உதவும் நடுவர்) இல்லாதது பற்றி ஒருவன் புலம்புவான். நான் இங்கே கற்றுக்கொண்டது, இருந்திருந்தாலும் இந்தக் கேஸ் தீர்ந்திருக்காது. டீமைக் கூட்டிக்கொண்டு போனது சரியில்லை என்பது என் கருத்து. இதை அந்தக் கடையில் வாய்விட்டுச் சொல்வதில்லை, திரும்பி ஓட்டிப் போக வேண்டும் அல்லவா.

வி.ஏ.ஆர். வந்தால் சண்டை ஓயும் என்றார்கள். 2018-ல் விதியில் சேர்த்தபோது நாலே விஷயத்துக்குத்தான்: கோல், பெனால்டி, நேரடி ரெட் கார்டு, ஆள் மாறி கார்டு காட்டுவது. அதிலும் பளிச்சென்று தெரிகிற தப்பாக இருந்தால் மட்டும். கண்ணுக்கு எட்டாததைக் கேமரா காட்டுகிறது, சரி. பந்து பட்டது சும்மா இருந்த கையா, வேண்டுமென்றே விரித்த கையா என்று இன்னமும் ஒரு மனுஷன்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 யூரோவில் ஸ்பெயின்–ஜெர்மனி மேட்சில் முசியாலா அடித்த பந்து குகுரேயா கையில் பட்டது. ஆண்டனி டெய்லர் பெனால்டி கொடுக்கவில்லை. அன்றைக்கு எங்கள் கடையில் ஏகோபித்த முடிவு: கை கீழே இறங்கிக்கொண்டிருந்தது, பெனால்டி இல்லை. சில மாதம் கழித்து, கொடுத்திருக்க வேண்டும் என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவின் நடுவர் தரப்பே கருதுவதாகச் செய்தி வந்தது. மறுபடி முதலிலிருந்து. அண்ணன் மட்டும் மாறவில்லை. "யூஃபா இங்க வந்து சொல்லட்டும்" என்றார்.

லிவர்பூல் ஆட்களுக்குத் தனி மூலை உண்டு. 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாமில் லூயிஸ் தியாஸ் போட்டது சுத்தமான கோல். லைன்ஸ்மேன் ஆஃப்சைடு என்று கொடி தூக்கினார். வி.ஏ.ஆர். அறையில் இருந்தவர் மைதானத்தில் கோல் கொடுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு "செக் கம்ப்ளீட்" என்றுவிட்டார். உண்மை உறைத்தபோது ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. தொடங்கிய பிறகு திரும்பப் போக விதியில் இடமில்லை. இதில் வாதமே கிடையாது. அதனால்தானோ என்னவோ, அந்த மூலை எப்போதும் அழுகையாகவே இருக்கும்.

குறைகள் சொல்ல வேண்டும். டிவி ஓடுவது நெட்டில், எதிர்வீட்டில் கேபிள். கோல் இங்கே விழும் முன் அங்கே கூரை அதிர்ந்துவிடும். பெனால்டி ஷூட் அவுட்டில் இது பெரிய கொடுமை. அண்ணனிடம் கேபிள் போடச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. கழிப்பறை பற்றி எழுதாமல் இருப்பதே மரியாதை. ஆபீஸ் மாதிரி ஜிபே ஸ்கேனர் ஒட்டியிருக்கிறார், டவர் கிடைக்காது, சில்லறை கொண்டு போங்கள். பெண்கள் வந்து உட்கார்ந்து பார்க்கிற சூழல் இல்லை. இரண்டு பையன்களின் அம்மா ஒருவர் மட்டும் வாசலில் நின்று ஆஃப்சைடு சொல்லிவிட்டுப் போவார், பெரும்பாலும் சரியாக.

ஐரோப்பிய மேட்ச் என்றால் ஒன்பது மணிக்கே பெஞ்சு பிடித்துவிடுங்கள். பிளாஸ்டர்ஸ் மேட்ச் என்றால் அதற்கும் முன்னால், மஞ்சள் தவிர வேறு எந்த நிறச் சட்டையிலும். மஞ்சளில் போனால் ரெண்டு தரப்பும் உங்களையே சாட்சிக்குக் கூப்பிடும்.