பால்போசிக்லிப்பா, ரைபோசிக்லிப்பா?

ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) உள்ள, ஹெர்2 (செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) மிகுதியாக இல்லாத மார்பகப் புற்றுநோய் உடலின் வேறு இடங்களுக்குப் பரவினால், லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரையோடு பால்போசிக்லிப், ரைபோசிக்லிப் போன்ற மருந்துகளில் ஒன்றைச் சேர்த்துத் தருவது வழக்கம். செல் இரண்டாகப் பிரிய, சிடிகே 4, 6 என்ற நொதிகள் பச்சைக்கொடி காட்ட வேண்டும். இரண்டு மருந்துமே அவற்றைத்தான் முடக்குகின்றன. 21 நாள் மாத்திரை, 7 நாள் ஓய்வு என்பதும் ஒன்றே.

ஆயுளில்தான் வித்தியாசம். மோனலீசா-2 ஆய்வில் ரைபோசிக்லிப் சேர்த்தவர்களில் பாதிப் பேர் 63.9 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். லெட்ரோசோல் மட்டும் எடுத்தவர்களுக்கு அது 51.4. பால்போசிக்லிப்பின் பலோமா-2 ஆய்வில் அதைச் சேர்த்தவர்களுக்கு 53.9, லெட்ரோசோல் மட்டும் எடுத்தவர்களுக்கு 51.2. பலோமா-2இன் இந்த இடைவெளி புள்ளியியல்படி உறுதியானதல்ல. வெவ்வேறு ஆய்வுகளின் எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் இதயம் நன்றாக இருக்கும் ஒருவருக்கு நான் ரைபோசிக்லிப் பக்கமே நிற்பேன்.

அதற்கு விலை உண்டு. ரைபோசிக்லிப் இதயத்துடிப்பின் லயத்தைக் குலைக்கலாம், கல்லீரலையும் பாதிக்கலாம். ஆரம்பத்திலேயே ஈசிஜி, ரத்தப் பரிசோதனை கட்டாயம். ஏற்கெனவே துடிப்புக் கோளாறு இருந்தால் பால்போசிக்லிப்தான் நல்லது. வெள்ளணுக்கள் இரண்டிலும் குறையும். அதனால் தொற்று எளிதில் வரலாம்; காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அப்புறம் பணம். பால்போசிக்லிப்பின் இந்தியக் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்ததால் மலிவான மாற்று மாத்திரைகள் கிடைக்கின்றன. மாதாமாதம் வாங்க வேண்டிய குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல.