பால்டர்ஸ் கேட் 2: கடினமாக்க எந்த வழி நல்லது?

பால்டர்ஸ் கேட் 2 என்ற கணினி ரோல்-பிளேயிங் கேமை ஒரு தடவை முடித்தவர்களுக்கு அதன் ஓட்டைகள் எல்லாம் தெரிந்துவிடும். எதிரி மேஜின் (மந்திரவாதியின்) பார்வைக்கு வெளியே நின்று அவன் அறைக்குள் கிளவுட்கில் என்ற விஷப்புகை மந்திரத்தை வீசினால், அவன் நின்ற இடத்திலேயே மூச்சுமுட்டிச் செத்துப்போவான். டிராகனிடம் பேச்சுக் கொடுப்பதற்கு முன்பே அதன் காலடியில் தீஃபை (திருடனை) விட்டுப் பொறிகளை வைக்கலாம். அது பார்த்துக்கொண்டே நிற்கும். பால்டுரான் கேடயத்தை மாட்டிய ஒரே ஆள் பிஹோல்டர் என்ற, கண்களால் கதிர் விடும் அரக்கர்களின் கூடு முழுவதையும் காலி செய்துவிடலாம், ஏனென்றால் அவை விடும் கதிர்கள் அவற்றின் மேலேயே திரும்பிப் பாயும்.

2000-ல் வந்த இந்த கேமின் மந்திரப் பட்டியல் அவ்வளவு ஆழமானது. ஆனால் எதிரிகள் அதன் பெரும்பகுதியைத் தொடுவதே இல்லை. விதிகள் தெரிந்த ஆட்டக்காரருக்கு இணையாக ஆட எதிரில் ஆள் இல்லை என்பதுதான் குறை. அந்தக் குறையை எது சரிசெய்கிறது என்று பார்த்தால் நான்கு வழிகள் பேசத் தக்கவை: கேமுக்குள்ளேயே இருக்கும் லெகஸி ஆஃப் பஹால், டாக்டிக்ஸ் மோட் (மோட் என்றால் கேமில் தனியாகச் சேர்க்கும் மாற்றம்), அசென்ஷன் மோட், ஸ்வார்ட் கோஸ்ட் ஸ்ட்ராடஜம்ஸ் மோட். கடைசியில் சொன்னதை எல்லோரும் எஸ்சிஎஸ் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

லெகஸி ஆஃப் பஹால், கேமின் புதுப்பித்த பதிப்பான என்ஹான்ஸ்டு எடிஷனில் இருக்கும் உச்சகட்ட டிஃபிகல்ட்டி (கடின நிலை). எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். எதிரிகளின் ஹிட் பாயிண்டை (உயிர் அளவை) மூன்று மடங்காக்கி, அதற்கு மேல் 80-ஐயும் சேர்க்கிறது. சேவிங் த்ரோவும் (மந்திரங்களைத் தாங்கும் திறனும்) தாக்கும் திறனும் கூடுகின்றன. 5 ஹிட் பாயிண்டோடு ஓடிவரும் ஒரு கிப்பர்லிங் (சின்ன அரக்கன்) இப்போது 95-ஓடு வரும். கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த கிப்பர்லிங்குக்குப் புதிதாக ஒரு யோசனையும் வந்துவிடவில்லை, முன்பு போலவே நேராக ஓடிவந்து கடிக்கிறது. முன்னே சொன்ன கிளவுட்கில் தந்திரமும் அப்படியே பலிக்கும், கூடுதல் நேரம் பிடிக்கும் அவ்வளவுதான். போதாக்குறைக்கு, நாம் மந்திரத்தால் வரவழைக்கும் உயிர்களுக்கும் இதே பலம் கிடைப்பதால், அவற்றை முன்னால் தள்ளிவிட்டு பின்னால் நின்று அம்பு விடுவதே எல்லாச் சண்டைக்கும் ஒரே விடையாகிவிடுகிறது. பொறுமைக்கு வைக்கும் சோதனை என்று சொல்லலாம். இதற்கு ஒரு படி கீழே இருக்கும் இன்சேன் நிலையும் இதே ரகம்தான். எதிரி அடிக்கும் டேமேஜ் இரட்டிப்பாவதால் ஆள் சீக்கிரம் விழுகிறார். அதில் நாம் செய்த தப்பு என்ன என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது.

டாக்டிக்ஸ் பழைய மோட். வெய்டியூ என்ற மோட் போடும் கருவியை எழுதிய வெஸ்ட்லி வெய்மரின் கைவேலை. இந்த கேம் இயங்கும் இன்ஃபினிட்டி எஞ்சின் என்ற மென்பொருளுக்கு இன்று வரும் மோட்கள் பெரும்பாலும் அந்தக் கருவியை நம்பித்தான் இயங்குகின்றன, அந்த வகையில் இந்த மனிதருக்கு எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். மோடைப் பொறுத்தவரை, இது கேம் முழுவதையும் மாற்றாமல் குறிப்பிட்ட சில சண்டைகளை மட்டும் கொலைக்களமாக்குகிறது. முதல் நிலவறையிலேயே வரும் இலிச் என்ற எதிரியின் கும்பல் அதில் பேர்போனது. கையில் நல்ல ஆயுதம்கூட இல்லாத நேரத்தில் ஒழுங்காகத் திட்டமிட்டுச் சண்டைபோடும் ஒரு கூட்டம் எதிரே வந்து நிற்கும். சவால் உண்மையானது, மறுக்கவில்லை. ஆனால் டாக்டிக்ஸின் எதிரிகள் பலருக்கு நமக்குக் கிடைக்காத சலுகைகள் உண்டு. அது தெரிந்த பிறகு சண்டை ஒரு பூட்டைத் திறக்கும் வேலையாகிவிடுகிறது. சாவி எது என்று நாலு முறை செத்துக் கண்டுபிடித்த பிறகு ஐந்தாம் முறை சுலபம். பிடித்த இரண்டு மூன்று பகுதிகளை மட்டும் தேர்ந்து போடலாம், மொத்தமாக வேண்டாம்.

இனி எஸ்சிஎஸ். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும்.

எதிரியும் நம் விதிகளுக்குக் கட்டுப்பட்டே ஆட வேண்டும் என்பது இந்த மோடின் அடிப்படை. ஹிட் பாயிண்டை ஊதிப் பெருக்குவதைவிட, இருக்கும் மந்திரங்களைப் புத்தியோடு பயன்படுத்தவே எதிரிக்குக் கற்றுக்கொடுக்கிறது. மேஜ் ஸ்டோன்ஸ்கின்னோடு (அடியைத் தாங்கும் கல்தோல் காப்போடு) வருகிறான், இம்ப்ரூவ்டு இன்விசிபிலிட்டியில் மறைந்து நிற்கிறான். குறிவைக்க முடியவில்லையே என்று, மறைந்தவரைக் காட்டும் ட்ரூ சைட் மந்திரத்தை நாம் போட்டால், அதைத் தடுக்க ஸ்பெல் இம்யூனிட்டி என்ற காப்பில் டிவினேஷன் (கண்டறியும் மந்திரங்கள்) வகையைத் தேர்ந்து முன்பே போட்டிருக்கிறான். அப்போதுதான் இத்தனை நாள் மந்திரப் புத்தகத்தில் தூங்கிக் கிடந்த, காப்புகளைக் கழற்றும் ரூபி ரே மந்திரம் நினைவுக்கு வரும். முதலில் அதை வைத்து ஸ்பெல் இம்யூனிட்டியைக் கழற்ற வேண்டும், பிறகு ட்ரூ சைட்டால் வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும், அப்புறம் ப்ரீச் போட்டு ஸ்டோன்ஸ்கின்னை உதிர்க்க வேண்டும், அதன் பிறகுதான் ஃபைட்டரின் வாளுக்கு வேலை. இத்தனைக்கும் நடுவே எதிரி சும்மா நிற்க மாட்டான், நம் ஃபைட்டர் மேலும் ப்ரீச் வந்து விழும். கேமை வடிவமைத்தவர்கள் இத்தனை வகைக் காப்புகளையும் அவற்றை உடைக்கும் மந்திரங்களையும் எதற்காக வைத்தார்கள் என்பது எனக்கு எஸ்சிஎஸ்ஸில்தான் புரிந்தது.

மேஜ்கள் மட்டும் இல்லை. சாதாரணக் கூலிப்படை ஆள் அடிபட்டால் போஷன் குடிக்கிறான். பக்கத்து அறையில் இருப்பவர்கள் சத்தம் கேட்டு உதவிக்கு வருகிறார்கள். பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர், வாம்பயர், டிராகன் என ஒவ்வொரு இனத்துக்கும் தனி ஸ்கிரிப்ட் (எப்படிச் சண்டைபோட வேண்டும் என்ற கட்டளைத் தொகுப்பு) உண்டு. வேண்டியதை மட்டும் போட்டுக்கொள்ளலாம். சண்டை தொடங்கும்போதே மேஜ்கள் எவ்வளவு காப்புகளோடு நிற்க வேண்டும் என்பதைக்கூட நாமே முடிவுசெய்யலாம். புதிய பதிப்புகளில் கேமின் டிஃபிகல்ட்டி ஸ்லைடரே எதிரியின் புத்தியைக் கூட்டிக் குறைக்கிறது. ஸ்லைடரை ஏற்றினால் டேமேஜும் கூடுமே என்றால், கூடுதல் டேமேஜை மட்டும் நிறுத்திவைக்க என்ஹான்ஸ்டு எடிஷனில் ஒரு ஆப்ஷன் இருக்கிறது. அதைத் தவறாமல் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இன்சேன் நிலையில் சொன்ன அதே தொல்லை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

குறையும் இருக்கிறது. சண்டைகள் நீள்கின்றன. மேஜ் இல்லாத பார்ட்டியோடு (குழுவோடு) போனால் நடுப்பகுதியில் மூச்சு வாங்கும். கதைக்காக மட்டும் ஆடுபவர்களுக்கு இது அலுப்புதான், அவர்களை நான் வற்புறுத்த மாட்டேன்.

அசென்ஷனை எஸ்சிஎஸ்ஸுக்குப் போட்டி என்று சொல்வதைவிடத் துணை என்று சொல்வதே சரி. இந்த கேமைச் செய்த பயோவேர் நிறுவனத்தில் எழுத்தாளராக இருந்த டேவிட் கெய்டர் தனியாக வெளியிட்டது. 2001-ல் வந்த த்ரோன் ஆஃப் பஹால் என்ற கூடுதல் பகுதியின் முடிவு, அவ்வளவு பெரிய கதைக்குப் பொருத்தமாக இல்லை என்ற மனக்குறை பலருக்கு உண்டு. இந்த மோட் கடைசிச் சண்டையைத் திருப்பி எழுதுகிறது. நாம் கொன்ற, பஹால் என்ற கொலைத் தெய்வத்தின் பிள்ளைகள், கடைசி எதிரியான மெலிசானோடு மீண்டும் வந்து நிற்பார்கள். முன்பு எதிரிகளாக வந்த ஐரெனிகஸும் போதியும்கூட வருகிறார்கள். பஹாலின் பிள்ளைகளில் ஒருவரான பால்தசாரோடு நாம் முன்பு எப்படிப் பேசினோம் என்பதைப் பொறுத்து அவர் நம் பக்கம் சேரவும் வழி இருக்கிறது. மற்ற மூன்றும் சண்டையை மட்டும் கடினமாக்குகின்றன. இது கதைக்கும் கனம் சேர்க்கிறது. கடைசிச் சண்டையின் கடுமையை எழுத்தில் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் தோற்கும்போது எரிச்சல் வருவதில்லை. ஒரே வருத்தம், இதன் பலன் முழுவதும் கேமின் கடைசிப் பகுதியில்தான் கிடைக்கிறது. அதுவரை கேம் முன்பு போலவே இளகித்தான் இருக்கும், எஸ்சிஎஸ் கூட இருந்தாலொழிய.

ஆகவே என் தேர்வு அசென்ஷனும் எஸ்சிஎஸ்ஸும் சேர்ந்தது. முதலில் அசென்ஷனைப் போடுங்கள், எஸ்சிஎஸ் பட்டியலின் கடைசிப் பக்கம் வரட்டும். மற்ற மோட்கள் கொண்டுவரும் எதிரிகளையும் பார்த்துத்தான் அது தன் ஸ்கிரிப்ட்களை அமைக்கிறது. நடுவில் ஒரு மோடை எடுத்தால் அதற்குப் பின் போட்டவை எல்லாவற்றையும் வெய்டியூ கழற்றித் திரும்ப மாட்டும், அதனால் என்னென்ன வேண்டும் என்று முன்பே முடிவுசெய்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. பழைய சேவ் கோப்புகளை நம்ப வேண்டாம், புது ஆட்டமாகவே தொடங்குங்கள். பார்ட்டியில் குறைந்தது இரண்டு பேராவது ஆர்கேன் மந்திரம் (மேஜ்களின் மந்திரம்) தெரிந்தவர்களாக இருக்கட்டும். ரூபி ரே ஸ்க்ரோல் எங்கே கண்ணில் பட்டாலும் விற்றுவிடாதீர்கள்.